மண்டபச் சுவரில் இருந்த எழுத்து

வைகாசி 20, செவ்வாய்

எங்கள் ஊர்க் கோயில் மண்டபத்துச் சுவரில் தலைமுறை தலைமுறையாகச் சுண்ணாம்பு அடித்திருந்தார்கள். அதற்கடியில் கல்வெட்டு இருக்கிறது, வெளியே கொண்டுவர வேண்டும் என்று திருப்பணிக் கமிட்டியில் கத்தியது நான்தான். கையால் சுரண்டினால் கும்பாபிஷேகத்துக்குள் முடியாது என்றார் தலைவர். செங்கல்பட்டிலிருந்து மணலைப் பீய்ச்சி அடிக்கும் மெஷின் வர, செயலாளர் என்று நானே கையெழுத்துப் போட்டேன்.

இன்று மதியம் போய்ப் பார்த்தேன். சுண்ணாம்பும் இல்லை, எழுத்தும் இல்லை. சுவர் முழுக்கத் தடவினேன். ஒரு மூலையில் இரண்டு எழுத்து மட்டும் விரலில் தட்டுப்பட்டது.

"இன்னா சார், கல்லு புதுசாட்டம் கீது, நீங்க மூஞ்சத் தொங்கப் போட்டுகினு கீறீங்க?" என்றார் தலைவர்.

மெஷின்காரர் மட்டும் பயந்துபோய், "எழுத்து கீதுன்னு யாரும் சொல்லலியே சார்" என்றார். நான் சொல்லியிருக்க வேண்டும்.

இத்தனை காலம் அதைக் காத்தது சுண்ணாம்புதான். அதில் என்ன எழுதியிருந்தது என்று இனி யாருக்கும் தெரியாது.

அதே சுவரில் கமிட்டிக்காரர்கள் பெயர் பொறித்த கருங்கல் பலகையைப் பதித்துவிட்டார்கள். எழுத்தை நன்றாக ஆழமாக வெட்டியிருக்கிறார்கள். என் பெயர் இரண்டாவது.