பால்பல்

பெரம்பூர்
11.6.1978

அன்புத் தங்கை தனக்கோடிக்கு,

அண்ணன் திருமலை எழுதுவது. ஆவணியில் போளூரிலிருந்து உன்னைப் பெண் பார்க்க வருகிறார்கள். நீ குள்ளம் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் இருபத்துமூன்று வயதிலும் பால்பல் விழவில்லை என்று தெரிந்தால் ஓடிவிடுவார்கள். இங்கே ஒருவர் எல்லாப் பல்லையும் பிடுங்கிவிட்டுப் பல்செட் மாட்டுகிறார். உடனே வா. தெருவில் மூச்சு விடாதே.

உன் நன்மைக்கே,
திருமலை

ஆரணி
2.7.1978

அன்புள்ள அண்ணாவுக்கு,

நானும் அம்மாவும் சுகம். பெரம்பூருக்கு வரமாட்டேன். வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போய்வந்தோம். பஸ்ஸில் கண்டக்டர் அரை டிக்கெட் கிழித்தார். சண்டை போட்டு முழு டிக்கெட் வாங்கினேன்.

வளர்வதற்கு உடம்பில் ஊறவேண்டிய ஏதோ ஒன்று எனக்கு ஊறவில்லையாம். அதனால்தான் ஆளும் வளரவில்லை, பல்லும் விழவில்லை. இனி உயரம் வராது. ஆனால் எக்ஸ்ரேயில் பார்த்தேன் அண்ணா, பால்பல்லுக்கு அடியில் பெரிய பற்கள் அப்படியே இருக்கின்றன! தாடை சின்னது, நெருக்கியடித்து மெதுவாகத்தான் வரும் என்றார் டாக்டர். என் பல் எனக்கு இருக்கும்போது செட் எதற்கு?

முன்பல் இரண்டை எடுத்தார்கள். கேட்டு வாங்கிவந்து, சாணியில் பொதிந்து, பட்டப்பகலில் கூரைமேல் எறிந்தேன். எதிர்வீட்டுக் காத்தாயி அக்கா பார்த்துவிட்டாள்.

"இன்னாடி இது, பொண்ணு பாக்க வர்ற நேரத்துல பால்பல்ல எறிஞ்சிகினு கீற?"

"எனக்கு இப்பதான்க்கா விழுந்துச்சி. இன்னும் கீது, அப்புறமும் வந்து பாருங்க."

தெருவே சிரித்தது. நானும் பொக்கை வாயைத் திறந்து சிரித்தேன்.

தங்கை,
தனக்கோடி

பெரம்பூர்
20.7.1978

தனக்கோடிக்கு,

கூரையில் எறிந்த கதை போளூர் வரை போய்விட்டது. வேண்டாம் என்று எழுதிவிட்டார்கள். தலை காட்ட முடியவில்லை. இப்போதாவது செட் கட்டிக்கொள்ள வா, வேறு இடம் பார்க்கிறேன். இல்லாவிட்டால் உன் கல்யாணத்துக்கு நான் பொறுப்பில்லை.

திருமலை

ஆரணி
5.10.1980

அன்புள்ள அண்ணாவுக்கு,

இரண்டு வருஷமாக உங்களிடமிருந்து ஒரு வரி இல்லை. நானே எழுதுகிறேன். முன்பல் இரண்டும் முளைத்துவிட்டன. ஒன்று கோணல். ஈறு கிழியும்போது உயிர் போனது. இன்னும் சில பற்களை எடுக்க வேண்டும், கம்பியும் கட்ட வேண்டும். கால் எட்டாத மிதிபலகைமேல் கட்டை அடித்துக்கொண்டு தறியில் உட்காருகிறேன், பட்டுப்புடவை நெய்கிறேன்.

போளூர்க்காரர்கள் வேண்டாம் என்றபோது அழுதேன், பொய் சொல்லமாட்டேன். ஆனால் பல்லுக்காக ஒருநாளும் அழவில்லை.

தீபாவளிக்கு வாருங்கள். மாப்பிள்ளை யாரையும் அழைத்துவர வேண்டாம். சின்ன வயதிலிருந்து என்னோடு பேசும்போதெல்லாம் நீங்கள் சுவரைப் பார்த்துத்தான் பேசுவீர்கள். இந்தமுறை என் முகத்தைப் பார்த்துப் பேசவேண்டும். முடியாது என்றால் பெரம்பூரிலேயே இருந்துவிடுங்கள்.

உங்கள் தங்கை,
தனக்கோடி