நீ அழித்துவிடுகிற அளவு

அன்புள்ள மகளுக்கு,

நீ என்னிடம் பொய் சொல்லிவிட்டாய். நானும் தம்பியும் இங்கே சுகம், நீ எப்படி இருக்கிறாய் என்று எப்போதும்போல் தொடங்கத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் நீ எப்படி இருக்கிறாய் என்பது உனக்கே தெரியாது என்று உன் அறைத்தோழி வந்து சொல்லிவிட்டுப் போனாள். நீ கொடுத்தனுப்பிய போர்வையும் பிரஷர் பார்க்கும் மெஷினும் வந்து சேர்ந்தன. நல்ல பிள்ளைதான் அவள், சமையலறைத் தரையிலேயே சம்மணம் போட்டு நான் வைத்ததைச் சாப்பிட்டாள், வந்த ஐந்தாவது நிமிடமே என்னை அம்மா என்று கூப்பிட்டாள், அங்கேயே எனக்குச் சுருக்கென்றது. அவள் ஸ்கேன் வேலை கற்றுக்கொண்டதே உன் கழுத்தில்தானாம். தினமும் காலையில் ஆஸ்பத்திரியில் முதல் நோயாளி வருவதற்கு முன் நீ படுத்துக்கொள்வாயாம், அவள் ஜெல் தடவிக் கருவியை வைப்பாளாம், ரத்தக்குழாய் துடிக்கிற படம் தெளிவாக வந்து, கையில் பிரஷர் பட்டை கட்டி அளவு எடுக்கப் போகிற நேரத்தில் நீ படுத்தபடியே எட்டி எல்லாவற்றையும் அழித்துவிடுவாயாம். நாங்க எல்லாரும் ஒருத்தருக்கொருத்தர் அளந்துட்டோம்மா, இவ மட்டும்தான் விடமாட்டேங்கிறா, சரியான கள்ளி உங்க பொண்ணு என்று சிரித்தாள். உன் அப்பா எப்படிச் செத்தார் என்று அவளிடம் நீ சொல்லவே இல்லை என்பது அந்தச் சிரிப்பிலேயே தெரிந்துவிட்டது. நானும் சொல்லவில்லை. அவள் தட்டை வாங்கிக்கொண்டு போய் வெகுநேரம் கழுவினேன்.

வெட்கத்தை விட்டு எழுதுகிறேன், எனக்கு அவள்மேல் பொறாமை. உன்னைச் சுமந்தவள் நான், உன் கழுத்துக்குள் ஓடுவதைத் தினமும் பார்ப்பவள் அவள். அவள்மேல் மட்டுமா, இரண்டு வருடமாகத் தன் நெட்டை மகனை உன்னிடம் ஸ்கேனுக்குக் கூட்டிக்கொண்டு வருகிறாளே ஒரு அம்மா, அவன் அளவுத் தாள்களை எல்லாம் பிளாஸ்டிக் உறையில் போட்டு மடியிலேயே வைத்திருப்பாள் என்று போனில் பெருமையாகச் சொன்னாயே, அவளை நினைத்தாலும் வயிறு எரிகிறது. அவள் மகனுக்கும் உன் அப்பாவுக்கு இருந்த அதே பரம்பரைக் கோளாறுதான். ஆனால் அவன் குழாய் போன வருடம் எவ்வளவு விரிந்தது, இந்த வருடம் எவ்வளவு என்று அவளுக்குத் தெரியும், அதைச் சொன்னவள் நீ, அவள் அழுதபோது தண்ணீர் கொடுத்தவளும் நீ. ஊரான் பெற்ற பிள்ளைக்கெல்லாம் தாள் இருக்கிறது. என் பிள்ளைக்கு இல்லை. இவளுக்கென்ன கொடுத்துவைத்தவள் என்று முகம் தெரியாத ஒருத்தியைப் பார்த்துப் பொருமுகிற அளவுக்கு என்னைக் கொண்டுவந்து விட்டாய்.

எனக்கு ஒன்றும் புரியாது என்று நினைக்காதே. தையல் கம்பெனியில் பதினெட்டு வருடமாக இடுப்புப் பட்டிக்கு இலாஸ்டிக் வைக்கிறேன், இழுத்தால் திரும்பி வருவது எது, விறைத்துப் போனது எது என்று என் விரலுக்குத் தெரியும். குழாயும் அப்படித்தான், ஒவ்வொரு துடிப்புக்கும் விரிந்து சுருங்கணும்மா, விறைச்சுப்போனா அடி மொத்தமும் சுவர்ல விழும் என்று சொல்லிக்கொடுத்தவளே நீதான். போன விடுமுறையில் என்னையும் தம்பியையும் விடாப்பிடியாகக் கூட்டிப்போய்ப் படுக்கவைத்து அளந்தாய். உன்னுடையது என்று கேட்டேன், அங்க ஆஸ்பத்திரியிலயே பார்த்தாச்சும்மா ஒண்ணுமில்ல என்றாய். தம்பிக்கு என் கட்டைக் கை. அந்தக் கோளாறின் அடையாளமாக மணிக்கட்டைத் தொடுகிற மாதிரி வளைகிற அப்பாவின் கட்டைவிரல் உனக்குத்தானே வந்தது. முதுகு பிளக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குப் போன மனிதரை வாயு என்று மாத்திரை கொடுத்து அனுப்பினார்கள், நாற்பத்திரண்டு வயது, கூலி வேலைக்காரனின் முதுகை எவன் ஸ்கேன் பண்ணுவான். இதயத்திலிருந்து வருகிற பெரிய குழாய் கிழிந்துபோச்சு, பிள்ளைகளையும் சோதித்துப் பாருங்கள் என்று பிணத்தைக் கொடுக்கும்போது சொன்னார்கள்.

நீ ஏன் அழிக்கிறாய் என்பதும் எனக்கு உறைத்துவிட்டது. ஒப்பந்தம் புதுப்பிக்க வருடாவருடம் உடல் தகுதிச் சான்று கேட்கிறார்கள் என்று புலம்பினாயே. அளவு கோப்பில் ஏறினால் வேலை போகும் என்று பயம். நன்றாக இருக்கிறது இவர்கள் நியாயம், நோயை அளக்க ஆள் வேண்டும், அந்த ஆளுக்கு மட்டும் நோய் வரக் கூடாது. எங்கள் கம்பெனியிலும் விரலில் ஊசி ஏறினால் துணியைச் சுற்றி மறைத்துக்கொண்டு தைப்போம், மேற்பார்வையாளருக்குத் தெரிந்தால் மறுநாள் கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். அந்தப் பிழைப்பு என்னோடு போகட்டும் என்றுதானே உன்னைப் படிக்கவைத்தேன். நீயும் வந்து அதே துணியைச் சுற்றிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாய். வேலை போனால் போகட்டும், வீடு இருக்கிறது, நான் இருக்கிறேன். அவள் கிளம்பிய அன்றே போன் செய்தேன், ஆள் காத்திருக்காங்கம்மா என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு இரண்டு தடவை அடித்தேன், நீ எடுக்கவில்லை.

தம்பி பரீட்சை எழுதிவிட்டான், தேறிவிடுவான் போலத்தான். பக்கத்து வீட்டுக்காரி உன்னைக் கேட்டாள், நன்றாக இருக்கிறாள் என்றேன், சொல்லும்போது நாக்குக் கூசியது. கனமான பெட்டி எதையும் தூக்காதே, வேளைக்குச் சாப்பிடு. நூறு வயதுக்கு நீ நன்றாக இருக்க வேண்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா

இந்தக் கடிதம் கிடைத்த மறுநாள் காலை அவளை அளக்க விடு. வந்த எண்ணை, கூட்டாமல் குறைக்காமல், எனக்குச் சொல்.