கூப்பிட்டார்கள், எடுக்கவில்லை

மார்ச் 6

மத்தியானம் பிசினஸ் ஸ்கூலிலிருந்து மெயில் வந்தது. லாண்ட்ரியில் ஆஸ்பத்திரி விரிப்புகளை எண்ணிக்கொண்டிருந்தேன். கழிவறைக்குள் போய்ப் படித்தேன். "வருந்துகிறோம்" இரண்டாவது வரியிலேயே இருந்தது. திரும்பி வந்து, எண்ணிக்கை விட்டுப்போனதால் முதலிலிருந்து எண்ணினேன்.

வீட்டில் யாரும் எதுவும் கேட்கவில்லை. எப்படிக் கேட்பார்கள்? எங்கள் வீட்டில் நேர்முகத்துக்குக் கூப்பிட்டால் எடுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். அப்பாவைப் பஸ் டெப்போவில் கூப்பிட்டார்கள், ஓட்டிக் காட்டினார், மறுநாளே வண்டி கொடுத்தார்கள். பிசினஸ் ஸ்கூல் என்னைக் கூப்பிட்ட அன்றே அப்பா டெப்போ முழுக்க டீ வாங்கிக் கொடுத்துவிட்டார்.

மார்ச் 7

சொல்லவில்லை.

மார்ச் 9

அம்மா ஹாஸ்டலுக்குப் பெட்டி வாங்கக் கூட்டிப் போனாள். சக்கரம் வைத்த பெரிய பெட்டி. கடைக்காரர் அலுத்துப்போகும்வரை ஜிப்பைத் திறந்து திறந்து மூடினாள். கலர் நன்றாக இல்லை என்று இழுத்தேன்.

"பெட்டிக்கு என்னடி கலரு? அது என்ன கல்யாணப் பொண்ணா?"

வாங்கியாகிவிட்டது. வரும் வழியெல்லாம் நான்தான் உருட்டினேன்.

மார்ச் 11

தூக்கம் இல்லை. நேர்முகத்தில் கேட்ட அந்த ஒரு கேள்வியே சுற்றிச் சுற்றி வருகிறது. எங்கள் லாண்ட்ரியில் கடைசியாக இறங்க வேண்டிய மூட்டையை வேனில் முதலில் ஏற்றுவது என்று மாற்றியதைச் சொன்னேன். கண்ணாடி போட்ட அம்மா கேட்டார்: "இதுல உங்க பங்கு என்ன?"

"எல்லாரும் சேர்ந்து பண்ணோம் மேடம்."

ஏன் அப்படிச் சொன்னேன்? யோசித்தது நான். டிரைவர்களிடம் கெஞ்சியது நான். ஆனால் "நான்" என்று சொல்ல வாய் வரவில்லை. வீட்டில் அதற்குப் பெயர் தலைக்கனம். அங்கே அதற்குப் பெயர் என்னவோ.

மார்ச் 14

அப்பாவைக் கூட்டி வர டெப்போவுக்குப் போனேன். மெக்கானிக் மாமா பஸ்ஸுக்கு அடியிலிருந்தே கத்தினார்: "என்ன மேனேஜரம்மா, எப்பக் கெளம்புறீங்க?" அப்பாவுக்கு முகமெல்லாம் சிரிப்பு. அதைப் பார்க்க முடியவில்லை. கேட்டைத் தாண்டியதும் சொல்லிவிட்டேன்.

"கூப்டாங்கல்ல?"

"நிறைய பேரக் கூப்டுவாங்கப்பா. கொஞ்சம் பேரத்தான் எடுப்பாங்க."

"அப்ப எதுக்கு அத்தன பேரக் கூப்டணும்?"

அப்பாவின் சாப்பாட்டுப் பையை வாங்கிக்கொண்டேன்.

"நாளைக்கு டெப்போவுல போய் என்னன்னு சொல்லுவேன்?" என்று விடுவிடுவென முன்னால் நடந்தார். ரோட்டைக் கடக்கும் இடத்தில் மட்டும் நின்றார். நான் பக்கத்தில் வந்த பிறகுதான் கடந்தார். என் பக்கம் திரும்பவில்லை.

மார்ச் 15

கடையில் பெட்டியைத் திருப்பி எடுக்க மாட்டார்களாம். "கெடக்கட்டும், போர்வை வெச்சுக்கலாம்" என்றாள் அம்மா. அதற்குப் பதில் என்னைத் திட்டியிருக்கலாம்.

மார்ச் 19

அடுத்த வருஷம் திரும்ப எழுது என்கிறாள் காலேஜ் தோழி. விண்ணப்பத்தைத் திறந்தேன். முதல் கேள்வி: ஏன் இந்தப் படிப்பு? போன முறை "தலைமைப் பண்பை வளர்த்துக்கொள்ள" என்று எழுதியிருந்தேன். பொய். ஆட்கள் வேலை செய்யும் ஓர் இடத்தை நான் நடத்த வேண்டும், அவ்வளவுதான். லாண்ட்ரியிலேயே ஷிப்ட் பொறுப்பாளர் இடம் காலியாகக் கிடக்கிறது. யாருக்கு எந்த ஷிப்ட் என்று நான்தான் போட்டுக்கொண்டிருக்கிறேன், யாரும் சொல்லாமலே.

கேட்டால் என்ன?

மார்ச் 20

மேனேஜர் அறைக்கு இரண்டு தடவை போனேன். ஸ்டேப்ளர் பின் கேட்டுவிட்டு வந்தேன். இரண்டு தடவையும்.

மார்ச் 21

கேட்டுவிட்டேன்.

"நீயா? நீ வாயே தொறக்க மாட்டியேம்மா."

"தொறப்பேன் சார். வேன்ல ஏத்துற முறைய மாத்துனது நான்தான்."

"அது டிரைவருங்க வேலைன்னுல்ல நெனச்சேன்!"

"இல்ல சார். நான்." குரல் கீச்சென்று வந்தது. வந்துவிட்டது.

ஒரு மாதம் பார்க்கலாம் என்றார். வீட்டில் சொன்னதும் அப்பா சோற்றில் வைத்த கையை எடுக்காமல் கேட்டார்: "கூப்டாங்களா, எடுத்தாங்களா? தெளிவாச் சொல்லு."

"எடுத்துட்டாங்க. ஒரு மாசம் பாத்துட்டுத்தான் நிலையாக்குவாங்க."

"அப்ப ஒரு மாசம் டெப்போவுல நான் வாயத் தொறக்கல."

அம்மா சிரித்துவிட்டாள். அப்பாவும், கொஞ்சம்.

விண்ணப்பத்தை அழிக்கவில்லை. எழுதவும் இல்லை.

ஏப்ரல் 2

இஸ்திரிப் பிரிவு அக்கா வந்து, "நாளைக்கு லீவு வேணும். யார்கிட்டச் சொல்றது?" என்றாள்.

"என்கிட்டக்கா."

மேலும் கீழும் பார்த்தாள். நாளை இரண்டு ஆஸ்பத்திரி லோடு இருக்கிறது, நாளை மறுநாள் எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். முறைத்துக்கொண்டு போனவள் சாப்பாட்டு நேரத்தில் தள்ளிப்போய் உட்கார்ந்தாள். மாற்றிச் சொல்லவில்லை.

போகும்போது, "நாளைக்கு ஏழு மணிக்கு வரணுமா, ஏழரைக்கா?" என்று மட்டும் கேட்டாள்.