வெள்ளைக் கோட்டுக்கு வெளியே

இந்நேரத்தில் எழுதுகிறேன், கோவிச்சுக்காதே. அவருக்கு நைட் ஷிப்ட், பாப்பா இப்போதுதான் தூங்கினாள். உன் புதுக் கேமராவை உன் அம்மா இன்று கொண்டுவந்து கொடுத்தார்கள். "வூட்ல வச்சுக்கினு தூங்க முடியல கண்ணு" என்றார்கள். கழுத்துப் பட்டையில் இன்னும் உன் தலை எண்ணெய் வாசனை.

ஒரகடத்துக் கம்பெனிகளில் ஆயுதபூஜைப் படம் எடுக்க நீ தூக்கிக்கொண்டு அலைந்தது பழைய ரேஞ்ச்ஃபைண்டர் கேமராவைத்தான். ஒருநாள் அதை என் கண்ணில் வைத்து, உள்ளே தெரிந்த வெள்ளைக் கோட்டுக் கட்டத்தைக் காட்டினாய். கட்டத்துக்குள் இருப்பதுதான் படம். ஆனால் அதைச் சுற்றியும் நிறையத் தெரிந்தது. "படத்துக்குள்ள வர்றதுக்கு முன்னாடியே யார் வர்றாங்கன்னு தெரிஞ்சிடும்டி. உன்ன மாதிரி பயந்தாங்கொள்ளிக்குன்னே செஞ்சது" என்று சிரித்தாய். இன்னொரு கண்ணை மூடாதே என்றும் சொன்னாய்.

அப்புறம் அதே ரகத்தில் புதுசு வாங்கி, பழசை என் தலையில் கட்டினாய். இதில் படம் விழுகிற சென்சார் பெரிசு, அதே லென்ஸில் இன்னும் அகலமாக விழும் என்றாய். எட்டிப் பார்த்தேன். வெள்ளைக் கோடு ஓரத்துக்கே போயிருந்தது. சோடாபுட்டி போட்ட உனக்குக் கண்ணை ஒட்டிவைக்க முடியாது, ஓரத்தில் இருக்கிற அந்தக் கோடே தெரியாதே என்று கேட்டேன்.

"இனிமே வெளியேன்னு ஒண்ணும் கிடையாதுடி. எல்லாமே படந்தான்."

வல்லம் வடகால் திருப்பத்தில், ஷிப்ட் முடிந்து பஸ் ஏறும் பெண்களை எடுக்க நீ ரோட்டோரம் நின்றிருக்கிறாய். உன் கடைசிப் படத்தை இப்போதுதான் பார்த்தேன். எல்லாரும் சிரிக்கிறார்கள். ஒருத்தி மட்டும் சிரிக்காமல், உனக்கு வலப்பக்கம் எதையோ பார்த்துக் கையைத் தூக்கியிருக்கிறாள். உன்மேல் ஏறிய டிரெய்லர் லாரி படத்தில் இல்லை.

நாளைக்குப் பாப்பாவுக்கு ஸ்கூல் முதல் நாள். வேன் மெயின் ரோட்டில்தான் நிற்கும். கம்பெனி பஸ்ஸும் லாரியும் உரசிக்கொண்டு போகிற அதே ரோடு. அவள் ஏறுவதைப் புதுக் கேமராவிலேயே எடு, உன் ஃப்ரெண்டு ஞாபகமா இருக்கும் என்று சொல்லிவிட்டு அவர் வேலைக்குப் போனார். நானும் இப்போது கண்ணாடிதான். சாயங்காலம் வாசலில் அவளை நிறுத்திப் புதுசில் பார்த்தேன். கட்டம் முழுக்க அவள் முகம். எங்கோ ஏர் ஹாரன் அடித்தது. எந்தப் பக்கம் என்று தெரியவில்லை. கேமராவை இறக்கிவிட்டேன்.

நீ போனதிலிருந்து சாம்பார் தாளிக்கும்போதுகூட எனக்கு ஒரு கண் வாசலில்தான். நீ சொல்லிக்கொடுத்ததில் மிஞ்சியது அது ஒன்றுதான்.

பழசில் எடுக்கட்டுமா, புதுசிலா? இல்லை, படமே வேண்டாம், அவள் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கட்டுமா? காலையில் வேன் வந்துவிடும். சீக்கிரம் பதில் போடு.