பதினோராம் தளத்திலிருந்து எங்கள் ஜன்னல்

ஜூன் 19, செவ்வாய்

காலைக் கப்பல் போனது. வழக்கம்போல டிவியில் படம் கலைந்தது, அலமாரியில் காபிக் கோப்பைகள் கிணுகிணுத்தன, சமையலறை ஜன்னலில் வானம் காணாமல் போனது. ஜன்னல் முழுக்க வெள்ளை இரும்பு. ஒரு பால்கனியில் குளியல் அங்கியோடு ஒருத்தி எங்களுக்குக் கையாட்டினாள். அம்மா திரும்பாமல் வெங்காயம் நறுக்கினாள்.

நான் சுவரைப் பார்த்தேன். விரிசலின் குறுக்கே அப்பா சாந்து பூசி ஒட்டித் தந்த கண்ணாடிச் சில் உடையவில்லை. சுவர் நகர்ந்தால் அது உடைய வேண்டும். கப்பல் அலைகள் கரைச்சுவர்களை என்ன செய்கின்றன என்பதுதான் என் ஆய்வு. மார்ச்சிலேயே பட்டம் வாங்கியாயிற்று. எங்கள் குடும்பத்தில் முதல் பட்டம். இன்னும் தினமும் அந்தச் சில்லைப் பார்க்கிறேன், வேறு வேலை கிடைக்காததால்.

மதியம் அப்பா ஓர் உறையோடு வந்தார். முப்பது வருடம் துறைமுகத்தில் கப்பல் கயிறு பிடித்துக் கட்டியதற்குக் கப்பல் கம்பெனியின் பரிசு. இரண்டு பேருக்கு ஒரு வாரப் பயணம். தெற்கே பாரி துறைமுகத்தில் ஏறி, நடுவில் ஒருநாள் வெனிஸ்.

"வெனிஸா? அதான் தினமும் பாக்கறியே," என்றாள் அம்மா.

"கீழ இருந்துதான பாக்கறேன், மிரெல்லா. ஒரு தடவ மேல இருந்து நம்ம வீட்டப் பாக்கணும்."

"நான் வரல."

உறை மேசையிலேயே கிடந்தது. யாரும் அதை எடுத்து வைக்கவில்லை.

ஜூன் 21, வியாழன்

பரிசு விஷயம் சியோரா வாண்டாவுக்கு, அதாவது வாண்டா அம்மாளுக்கு, எப்படித் தெரிந்ததோ. ஜுதெக்காத் தீவில் இந்தப் பக்கக் கரை முழுக்க அவள் குரலுக்கு அடங்கும். பெரிய கப்பல் எதிர்ப்புக் குழுவுக்குப் பேனர் தைப்பதும் அவள், ரெதெந்தோரே கோயில் திருவிழாவுக்குக் கரையில் விருந்து மேசை போடுவதும் அவள். எங்கள் இரண்டு குடும்பமும் ஒரே மேசை. அம்மாவின் அம்மா காலத்திலிருந்து.

ரொட்டிக் கடையில் எல்லார் முன்னாலும் கேட்டாள்: "உங்கப்பன் ராஜா மாதிரி போறானாமே? குளியல் தொட்டி உண்டா?"

எனக்கு வாய் வரவில்லை. வராது, எப்போதும்.

"அம்மாகிட்ட சொல்லுடி. கப்பல்ல போற ஆளுக்கு என் மேசையில இடமில்ல. கூடப் போறவங்களுக்கும் இல்ல."

ரொட்டி வாங்காமல் வந்தேன். அம்மாவிடம் சொன்னபோது அவள் முகம் போன போக்கு— கப்பலைவிட அந்த மேசைதான் அவளுக்குப் பெரிது. இந்தப் பாழாய்ப்போன உறை வராமலே இருந்திருக்கலாம்.

ஜூன் 24, ஞாயிறு

அப்பா என்னிடம் இதுவரை எதுவும் கேட்டதில்லை. இன்று கேட்டார். "நீ வரியா, லோரே?" முடியாது என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் ஏது?

ஜூலை 2, திங்கள், கப்பலில்

இதை வெறுப்பதற்கு இங்கே ஏறியிருக்கவே வேண்டாம், ஆனால் ஏறிய பிறகு சுலபமாக இருக்கிறது. காலை ஆறு மணிக்கே தட்டை நிரப்பி, பாதி தின்று, மீதியைத் தள்ளிவிட்டு, இன்னொரு தட்டு. நீச்சல் குளத்தைச் சுற்றிப் பாட்டு. லிஃப்டுக்குள்ளும் பாட்டு. எங்கள் அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவரில் கடல் படம் மாட்டியிருக்கிறார்கள்.

அப்பா கோட்டு போட்டுக்கொண்டு நடைபாதைகளில் கையைப் பின்னால் கட்டி நடக்கிறார். ஏதாவது கயிற்றைக் கண்டால் நின்று தொட்டுப் பார்க்கிறார். "நைலான். நல்ல நைலான்," என்றார். இரவு உணவுக்கு எங்களை ஒரு ஜெர்மன் தம்பதியோடு போட்டிருக்கிறார்கள். இங்கேயும் யார் எந்த மேசை என்று வேறு யாரோதான் முடிவு செய்கிறார்கள். அந்த அம்மாள் விடுமுறைகளில் கற்ற இத்தாலிய மொழியில் பேசினாள். வெனிஸில் துணி காயப்போடுவதற்கு நகராட்சி காசு தருகிறதாம். படம் எடுப்பவர்களுக்காக.

அப்பா என்னைப் பார்த்தார். சிரிப்பை அடக்க ரொட்டியை வாயில் வைத்துக்கொண்டார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அவள் தட்டைக் கவிழ்க்க வேண்டும் போலிருந்தது.

ஜூலை 3, செவ்வாய்

நடந்தது நடந்தபடி எழுதுகிறேன், இல்லாவிட்டால் நாளைக்கு நானே மாற்றிவிடுவேன்.

அதிகாலையிலேயே அப்பா என்னைப் பதினோராம் தளத்துக்கு இழுத்துப்போனார். இடது பக்கக் கம்பியோரம், முதல் ஆட்களாக. சவரம் செய்து, புதுச் சட்டை. லீதோ தீவு கடந்தது, வலது பக்கம் சான் மார்க்கோ சதுக்கம் கடந்தது. எல்லாரும் அந்தப் பக்கம் ஓடிப் படம் எடுத்தார்கள். அப்பா திரும்பவே இல்லை. ஜுதெக்காவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மேலிருந்து எங்கள் கரை இவ்வளவு சின்னதா? கூரைகளில் புல் முளைத்திருக்கிறது. மாதா கோயிலின் முதுகில் யாரோ தக்காளி வளர்க்கிறார்கள். கீழே கரையில் எதிர்ப்புக் குழு ஆட்கள், பாத்திர மூடிகளை அடித்துக்கொண்டு. சத்தம் கரண்டியால் டம்ளரைத் தட்டுவதுபோல மெல்ல வந்தது.

"எவ்ளோ அன்பான ஜனங்க! மேளம் கொட்டி வரவேற்கறாங்க," என்றாள் ஜெர்மன் அம்மாள். பக்கத்தில் வந்து நின்றிருந்தாள். கையை ஆட்டினாள். பின்னால் நின்றவர்களும் ஆட்டினார்கள்.

சியோரா வாண்டாவை அடையாளம் தெரிந்தது, அந்த ஆரஞ்சு ஏப்ரன். அப்பா "வாண்டா! ஏய் வாண்டா!" என்று கத்தினார், சந்தையில் கூப்பிடுவதுபோல. அவள் மூடியை இன்னும் ஓங்கி அடித்தாள்.

அப்புறம் எங்கள் ஜன்னல்.

கம்பியில் அம்மாவின் ஏப்ரன்கள், என் நீலத் துண்டு. அதற்குக் கீழே, மூன்றாம் மாடியிலிருந்து இரண்டாம் மாடிவரை தொங்கும் வெள்ளைத் துணி. சிவப்பு எழுத்து. வாண்டா தைத்தது. எங்கள் ஜன்னலில்.

"அதுல என்ன எழுதியிருக்கு?" என்று என்னிடம் கேட்டாள் அந்த அம்மாள்.

நான் வாயைத் திறந்தேன். அப்பா முந்திக்கொண்டார்.

"கப்பலே, வெளியே போ. அது என் வீடு. கட்டினது என் பொண்டாட்டி."

அந்த அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தாள். புருஷனைக் கூப்பிட்டு மொழிபெயர்த்தாள். அவனும் சிரித்தான்.

துறையில் கயிறு வாங்க எட்ஸியோவும் மற்றவர்களும் நின்றார்கள், அப்பாவின் கூட்டாளிகள். "முதலாளி! கயிறு சரியா இருக்கா? குறை இருந்தா எழுதிக் குடுங்க!" என்று கீழிருந்து கும்பிட்டான் எட்ஸியோ. அப்பா கையை உயர்த்தினார். அவ்வளவுதான்.

இறங்கும்போது எல்லார் நெஞ்சிலும் வட்ட ஸ்டிக்கர் ஒட்டினார்கள். எங்கள் சுற்றுலாக் குழுவுக்கு எண் பதினேழு. குழுவை விட்டுவிட்டு நாங்கள் படகேறி வீட்டுக்குப் போனோம். ஸ்டிக்கரை எடுக்க எனக்குத் தோன்றவே இல்லை. கரையில் வாண்டா.

"பதினேழாம் நம்பர் பொட்டலம் வந்திருக்கு! யாரும்மா கையெழுத்து போட்டு வாங்கறது?"

எல்லாரும் சிரித்தார்கள். என்னைத் தூக்கி வளர்த்த ஆட்கள்.

அம்மா நின்றபடியே சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். ஒரே தட்டு.

"கப்பல்ல எட்டு வகை இருக்குமே. அங்க சாப்பிடு."

"அந்தத் துணிய எடு, மிரெல்லா."

"ஜன்னல் என்னுது."

"வாடகை என்னுது."

"வாடகை கப்பலோடது. அதத்தான் சொல்ல வரே? சொல்லு. உன் பொண்ணு படிப்பும் கப்பலோடதுன்னு சொல்லு."

"ஆமா! கப்பலோடதுதான்! கப்பல் காசுல படிச்சு கப்பலத் திட்டிப் பட்டம் வாங்கினா. நான் ஒரு வார்த்த சொன்னனா? அந்தக் கண்ணாடிய யார் ஒட்டிக் குடுத்தது?"

அம்மா தட்டைத் தொட்டியில் போட்டாள். "அந்த மேசையில எங்கம்மா உக்காந்தா. நான் பொறந்ததுல இருந்து உக்காந்திருக்கேன். உனக்கு ஒரு நாள் மாடியில நின்னு வேடிக்க பாக்கறதுக்காக நான் திருவிழா அன்னைக்கு வீட்ல கதவ சாத்திட்டு உக்காரணுமா? வாண்டா கேட்டா, கட்டினேன். திரும்பக் கேட்டாலும் கட்டுவேன்."

அப்பா "ஒரு தடவ மேல இருந்து பாக்கணும்னு நெனச்சேன். பாத்துட்டேன்," என்று தொப்பியை எடுத்துக்கொண்டார்.

வாசலில் என்னைப் பார்த்தார். நான் வரவில்லை என்றேன். அம்மாவுக்காகவும் இல்லை, வாண்டாவுக்காகவும் இல்லை. மறுபடி அந்தக் கம்பியோரம் நிற்க முடியாது, அவ்வளவுதான். தலையாட்டிவிட்டுப் போனார். தனியாக. ஸ்டிக்கரோடு.

மாலை அதே கப்பல் வெளியே போனது. நான் கரையில் நின்றேன். யாரோ என் கையில் ஒரு மூடியைத் திணித்தார்கள். பதினோராம் தளத்தில் தலைகள், எல்லாம் ஒரே மாதிரி, கடுகு அளவு. அப்பா எது? இருக்கிறாரா, இல்லை ஜன்னலில்லாத அறையில் கடல் படத்தைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறாரா? கப்பல் முழுசாகக் கடக்கும்வரை தேடினேன். மூடியை அடிக்கவில்லை. கீழேயும் வைக்கவில்லை.

ஜூலை 8, ஞாயிறு

அப்பா நேற்று வந்தார். அம்மாவுக்கு ஒரு சால்வை. அது நாற்காலி முதுகிலேயே கிடக்கிறது. "உப்பு எங்கேன்னு உங்கம்மாகிட்ட கேளு." "எடுத்த இடத்துல இருக்குன்னு உங்கப்பன்கிட்ட சொல்லு." இதற்குத்தான் எனக்குப் பட்டம் போலிருக்கிறது.

ஜூலை 11, புதன்

கரையெங்கும் டேப் ஒட்டத் தொடங்கிவிட்டார்கள். கல்லில் கட்டம் போட்டு, யார் மேசை என்று பெயர். வருடா வருடம் எங்களுடையதில் "வாண்டா, தனிலோ" என்றிருக்கும். இந்த வருடம் "வாண்டா, மிரெல்லா."

அப்பா பெயர் இருந்த இடத்தில் அம்மா பெயர். எடுத்துவிட்டிருந்தால்கூடப் பொறுத்திருப்பேன்.

வாண்டா குனிந்து மூலையை அழுத்திக்கொண்டிருந்தாள். அருகே போய் நின்றேன். "அப்பா பேரும்..." என்றேன்.

"என்ன? காதுல விழல."

"ஒண்ணுமில்ல."

சே.

வேலை முடிந்து வந்த அப்பா அந்தக் கல்லைத் தாண்டித்தான் வந்தார். பார்த்திருப்பார். அரைமணி கழித்துத் தன் சின்னப் படகைக் கழுவப் போனார்.

ஜூலை 14, சனி, ரெதெந்தோரே

கால்வாயின் குறுக்கே கோயிலுக்குப் பாலம் போட்டிருக்கிறார்கள். அதனால் இன்றும் நாளையும் கப்பல் இல்லை. அப்பாவுக்கு விடுப்பு. மேசையில் இடமில்லையென்றால் தண்ணீரில் இருக்கிறது என்று முடிவு செய்துவிட்டார். மதியத்துக்கு முன்பே படகைக் கொண்டுவந்து, சரியாக வாண்டாவின் கட்டத்துக்கு நேர் கீழே, கரை வளையத்தில் கட்டினார். காகித விளக்குகள், ஒரு தர்ப்பூசணி, எட்ஸியோ கொடுத்த ஒயின் குடுவை. கட்டும்போது கண் முழுக்க அம்மா மேல். அவள் மேசை விரிப்பை உதறிக்கொண்டிருந்தாள். அவரைப் பார்க்கவில்லை. குடித்தார். தூங்கிப்போனார்.

நல்ல வெயில். தண்ணீர் இறங்கிக்கொண்டே போனது.

முதலில் பார்த்தது வாண்டா. "அய்யோ, அங்க பாருங்கடி!"

படகின் மூக்கு வானத்தைப் பார்த்துத் தொங்கியது. தண்ணீர் ஏறியிருந்த நேரத்தில், கயிற்றில் ஒரு முழம்கூடத் தளர்த்தி விடாமல் இறுக்கிக் கட்டியிருக்கிறார். முப்பது வருடம் கப்பல்களைக் கட்டின மனுஷன்! அப்பா பின்பக்கம் சரிந்து, தர்ப்பூசணியைக் கட்டிக்கொண்டு, வாய் திறந்து தூங்கிக்கொண்டிருந்தார். ஒயின் சட்டையிலிருந்து முழங்கால்வரை ஓடியிருந்தது. கரையே கூடிச் சிரித்தது. பாலத்திலிருந்தெல்லாம் எட்டிப் பார்த்தார்கள்.

"கம்பெனிக்கு போன் போடுங்க, இன்னொரு பரிசு குடுப்பான்!" என்றது ஒரு குரல்.

"கயிற அறுத்து விடு மிரெல்லா," என்று தர்ப்பூசணிக் கத்தியை நீட்டினாள் வாண்டா. "போய்ச் சேரட்டும்."

அம்மா கத்தியை வாங்கினாள். வளையத்தின் அருகே போனாள். கயிறு கம்பி மாதிரி விறைத்திருந்தது. அறுத்தால் படகு அப்படியே விழும்.

"தனிலோ!"

பதினோரு நாளாக அந்தப் பெயர் வீட்டில் கேட்கவில்லை.

"தனிலோ, எந்திரிய்யா! தண்ணி இறங்கிடுச்சு! மெதுவா, மெதுவா, முன்னால நகரு. நான் பிடிச்சிருக்கேன்." கத்தியை எறிந்துவிட்டு மண்டியிட்டு, இரண்டு கையாலும் கயிற்றைப் பிடித்திருந்தாள், ஏதோ அவள் பிடியில்தான் படகு நிற்பதுபோல. வாண்டாவின் மகன்கள் இருவரும் படியிறங்கி மூக்கைத் தூக்கிக் கொடுத்தார்கள். திட்டிக்கொண்டேதான்.

எல்லாரும் அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பைக்குள் மார்க்கர் இருந்தது. குனிந்தேன். டேப்பில், அம்மா பெயருக்குப் பக்கத்தில், பெரிதாக எழுதினேன்.

நிமிர்ந்தால் வாண்டா.

"ம். கையெழுத்து நல்லாருக்கு. படிச்ச பொண்ணு." அப்பாவின் பெயரை ஒரு முறை படித்தாள், செருப்பு முனையால் தொட்டாள். அழிக்கப்போகிறாள் என்று நினைத்தேன். இந்தத் தடவை வாய் வந்தது.

"அழிச்சா திரும்ப எழுதுவேன், சியோரா வாண்டா."

"எழுது எழுது. அவன் நாற்காலிய நீதான் சுமக்கணும். என் பசங்க தூக்க மாட்டாங்க."

கொண்டுவந்தேன். அப்பா உட்காரவில்லை. மேசைக்கு முதுகைக் காட்டி, கரை விளிம்பில் காலைத் தொங்கவிட்டு, ஒயின் நாற்றத்தோடு இருந்தார். அம்மா மத்தி மீன் தட்டைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்தாள். வைத்தாள் என்பது மரியாதை. போட்டாள்.

"உப்பு பத்தல," என்றார் அப்பா. அவளிடமே.

நாற்காலி கடைசிவரை காலியாகத்தான் இருந்தது. யாரும் அதை எடுத்துப் போகவில்லை.

ஜூலை 16, திங்கள்

பாலத்தைக் கழற்றிவிட்டார்கள். காலைக் கப்பல் வந்தது, கோப்பைகள் கிணுகிணுத்தன, பால்கனிகளிலிருந்து கையாட்டினார்கள். அப்பா விடியுமுன்பே கயிறு பிடிக்கப் போய்விட்டார். நான் கீழே கரையில் நின்று எங்கள் ஜன்னலைப் பார்த்தேன். பேனரை அம்மா எடுக்கவில்லை. அப்பாவும் எடுக்கச் சொல்லவில்லை. ஒயின் கறை போகத் துவைத்த அவருடைய சட்டையை அதற்கு மேலேயே காயப்போட்டிருக்கிறாள். சட்டைக் கை இரண்டும் தொங்கி, 'கப்பலே' என்ற முதல் வார்த்தையை மறைக்கின்றன. ஈரம் சொட்டிச் சிவப்பு எழுத்து கொஞ்சம் கரைந்திருக்கிறது.