ஏழேகால் பஸ்ஸில் உன் மகள்

என் செல்விக்கு, நூரு எழுதுவது.

ஞாயிற்றுக்கிழமை. மதியத் தொழுகையை முடித்துவிட்டு, தையல் கடை ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். பயமாக இருக்கிறது. பஸ் வளைவில் ஹாரன் அடித்தாலே கலிமா சொல்கிறவள், உனக்குப் பயமில்லாத நாள் எது என்று நீ சிரிப்பாய். சிரித்துக்கொள். ஆனால் இது அந்தப் பயம் இல்லை. உன் மகள் ஒரு தாளை நீட்டிக் கையெழுத்துக் கேட்டிருக்கிறாள்.

மதி நன்றாக இருக்கிறாள், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நீ போன இந்த ஏழு மாதமும் என் வீட்டில் இருந்துதான் ஊட்டிக்குக் காலேஜ் போய் வருகிறாள். அவள் அப்பா திருப்பூரிலிருந்து மாதம் ஒரு தடவை வந்து பார்த்துவிட்டுப் போகிறார். சாப்பிட உட்கார்ந்தால் உன்னைப் போலவே பேசிக்கொண்டே இருந்து கையைக் காயவிடுகிறாள். காலேஜில் அமைதிக் குழு என்று ஒன்று வைத்திருக்கிறார்கள். அதில் இவள்தான் எல்லாவற்றுக்கும் முன்னால் நிற்கிறாள். யாரிடமிருந்து வந்த பழக்கம் என்று நான் சொல்ல வேண்டுமா?

இரண்டு வாரத்துக்கு முன்னால் ஒரு வியாழக்கிழமை, கீழ் கோத்தகிரியிலிருந்து நம் கோத்தகிரி வழியாக ஊட்டிக்குப் போகும் ஏழேகால் பஸ்ஸில் சண்டை. நீயும் நானும் மூன்று வருஷம் போன அதே பஸ்தான். சண்டையும் அதே சீட்டுச் சண்டைதான். தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகள் முதல் ஸ்டாப்பிலேயே ஏறி உட்கார்ந்துவிடுகிறார்கள், கோத்தகிரியில் ஏறும் பஜார் பையன்களுக்கு இடமில்லை. நம் காலத்தில் முறைப்போடு முடிந்தது. இந்த முறை பஜார் பையன் ஒருவன், அவர்கள் தாத்தாமார் சிலோனிலிருந்து திரும்பி வந்தவர்கள் என்பதைக் குத்திக்காட்டி, "சிலோன்காரனுக்கு ஜன்னல் சீட்டு கேக்குதா" என்றிருக்கிறான். தள்ளுமுள்ளில் பிரதீப் என்ற தோட்டத்துப் பையன் படிக்கட்டிலிருந்து கீழே விழுந்துவிட்டான். கை முறிந்தது, முன்பல் இரண்டு போயிற்று. அவன் அண்ணன் அவனை ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டு போனான்.

இனி சொல்லப்போவதை வேறு யாருக்கும் நான் எழுதவில்லை.

மதியம் போனில் ஒரு குரல் செய்தி வந்தது. பையன் வழியிலேயே இறந்துவிட்டான், தோட்டத்து ஆட்கள் கிளம்பிவிட்டார்கள், கடைகளைச் சாத்துங்கள் என்று. யார் குரல் என்று தெரியவில்லை. உடனே பஜார் பெண்கள் குரூப்பில் அதைப் போட்டேன். "சீக்கிரம் சாத்துங்க" என்று கீழே என் கையால் ஒரு வரியும் சேர்த்தேன்.

நான்தான், செல்வி. எதைக் கேள்விப்பட்டாலும் முதலில் போய்ப் பார்த்துவிட்டு வா என்று உன்னோடு சேர்ந்து இருபது வருஷம் ஊருக்கெல்லாம் சொன்னவள். பக்ரீதுக்கு மாடு கடத்துகிறார்கள் என்று கிளம்பிய கதைக்கும், தோட்டத்து லயத்து வரிசை வீடுகளில் பிள்ளை பிடிக்கிறவன் வந்தான் என்ற கதைக்கும் நீ வேலை பார்த்த பிள்ளைக்காம்பராவில், கொழுந்து பறிக்கப் போனவர்களின் குழந்தைகளைத் தூங்க வைத்துவிட்டு வருவாய், நான் மெஷினை நிறுத்திவிட்டு வருவேன், இரண்டு பேரும் நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வருவோம். நீ இல்லாமல் வந்த முதல் செய்திக்கு நான் வாசற்படியைத் தாண்டவில்லை.

நான் சொன்னேன் என்பதற்காகவே நம்பினார்கள். அரை மணி நேரத்தில் பஜார் முழுக்க ஷட்டர் விழுந்தது. அன்றைக்கு மளிகை வாங்க வந்திருந்த தோட்டத்து ஆட்கள் அதைப் பார்த்தார்கள். பஜாரே சாத்திவிட்டது என்றால் பையன் செத்தது உண்மைதான் என்று லயத்தில் போய்ச் சொன்னார்கள். சாயங்காலம் அங்கே திரும்பிப் போன பஸ்ஸின் மேல் பாலத்து வளைவில் கல் விழுந்தது. கண்டக்டருக்குப் புருவத்தில் கண்ணாடி ஏறி நாலு தையல். அடுத்த நாளிலிருந்து பஸ் ஓடவில்லை.

சனிக்கிழமை மதி என்னைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு பிரதீப் வீட்டுக்குப் போனாள். லயத்து வாசலில் நின்றிருந்த பையன்கள் என் முக்காட்டைப் பார்த்துவிட்டு ஒதுங்கி வழி விட்டார்கள். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

பிரதீப்பின் அப்பா கருப்பையா அண்ணன் பெஞ்சைத் துடைத்து உட்கார வைத்தார். அவரே சாயத் தண்ணி ஊற்றிக் கொடுத்தார்.

"பஜாருல இருந்து நீங்க ஒராள்தான் வந்து கேட்டீங்க தங்கச்சி. மத்தவங்க எல்லாம் கடையச் சாத்திட்டாங்க."

நான் டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மலை எறங்குறப்ப மூத்தவனுக்குப் போன் கெடைக்கல. கடை சாத்திட்டாங்கன்னு கேட்டதும் நாங்களும் போயிட்டான்னே நெனச்சிட்டம். அவன் அம்மா மயங்கி விழுந்துட்டா. லயமே கூடி ஒப்பாரி வச்சிருச்சு. மூணு மணி நேரம் எங்க புள்ள செத்துத்தான் கெடந்தான்."

சொல்லியிருக்கலாம். அந்த இடத்திலேயே காலில் விழுந்திருக்கலாம். நான் டீயைக் குடித்தேன். "அல்லா காப்பாத்துவான்ணே" என்றேன். அவர் பஸ் ரோடு வரைக்கும் வந்து வழியனுப்பிவிட்டுப் போனார்.

மதி அங்கிருந்தே ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டு, பிரதீப்பைப் பேசச் சொல்லிப் படம் பிடித்தாள். ஓட்டைப் பல்லோடு அவன் பேசியது இப்போது எல்லாருடைய போனிலும் இருக்கிறது. "நான் செத்துட்டேன்னு அனுப்புனவங்க எனக்கு ஒரு மிஸ்டு கால் குடுத்துப் பாத்திருக்கலாம்ல" என்கிறான். பார்க்கிறவர்கள் சிரிக்கிறார்கள். நான் சிரிக்கிற மாதிரி வாயை வைத்துக்கொள்கிறேன்.

அந்தச் செய்தி யார் யார் கை மாறி வந்தது என்று குழுப் பிள்ளைகள் பின்னாலேயே தேடிக்கொண்டு போயிருக்கிறார்கள். புதன்கிழமை மதி போனை என் முன்னால் வைத்தாள்.

"பெரியம்மா, இது நீங்க அனுப்புனதுங்களா?"

"ஆமா கண்ணு."

"எதுக்கு அனுப்புனீங்க?"

"பயந்துட்டேன்."

அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு, "இனிமே பயமா இருந்தா எங்கிட்டச் சொல்லுங்க பெரியம்மா. குரூப்புல சொல்லாதீங்க" என்றாள். கத்தியிருந்தால் எனக்கு அழுகை வந்திருக்கும், ஆறியும் இருக்கும். யாரிடமும் சொல்ல மாட்டேன் என்றும் அவள் சொல்லவில்லை, சொல்லுங்கள் என்றும் சொல்லவில்லை.

நாளைக்குத் திங்கள்கிழமை மறுபடியும் பஸ் விடுகிறார்கள். பஜார் பையன்கள் இன்னும் முறைப்பில்தான் இருக்கிறார்கள். அந்த வளைவில் நாளைக்கும் கல் விழும் என்று இரண்டு பக்கமும் பேச்சு. அதற்குக் குழு என்ன யோசித்திருக்கிறது தெரியுமா? இருவர் உட்காரும் ஒவ்வொரு சீட்டிலும் ஒரு தோட்டத்து ஆள், ஒரு பஜார் ஆள். பஜார்க்காரர்கள் விடியற்காலையில் பால் வேனில் கீழ் கோத்தகிரிக்கே போய், முதல் ஸ்டாப்பிலேயே சேர்ந்து ஏற வேண்டும். யார் கல்லை எடுத்தாலும் அவன் வீட்டுப் பிள்ளையும் அந்த ஜன்னலுக்குப் பக்கத்தில் இருக்கும். மதிக்கு முதல் வரிசை ஜன்னல் சீட்டு. வேண்டாம் கண்ணு, பின்னால் உட்கார் என்றேன். "முன்னால நானு உக்காரலீன்னா வேற ஆரு பெரியம்மா உக்காருவாங்க?" என்கிறாள். லயத்தில் பிறந்து பஜாரில் இருக்கிறவளாம், எந்தப் பக்கம் வேண்டுமானாலும் கணக்கில் வருவாளாம்.

காலேஜ், பெற்றோர் அல்லது காப்பாளர் கையெழுத்து இல்லாமல் யாரும் இதில் சேரக்கூடாது என்று தாள் கொடுத்திருக்கிறது. அவள் அப்பாவிடம் கேட்டேன். "நீங்க சொன்னாச் சரிங்க அக்கா" என்று போனை வைத்துவிட்டார். என் தலையில் போட்டுவிட்டார். நான் எப்படிச் சொல்வேன்? உன் பிள்ளையைக் கண்ணாடிக்குப் பக்கத்தில் உட்கார வைக்கத்தானா ஆஸ்பத்திரிக் கட்டிலில் அவள் கையை எடுத்து என் கையில் வைத்தாய்? அவள் முகத்தில் ஒரு கீறல் விழுந்தால் மறுமையில் உன் முகத்தை எப்படிப் பார்ப்பேன்? கையெழுத்துப் போடாமல் விட்டால் மட்டும் உன்னைப் பார்த்துவிடுவேனா?

காலையிலிருந்து மூன்று தடவை பேனாவை எடுத்து மூடி வைத்தேன். மெஷினுக்கு எண்ணெய் போட்டேன். பொத்தான் டப்பாவைக் கொட்டி மறுபடியும் அள்ளினேன். கடைசியில், இதை எழுதுவதற்குச் சற்று முன்னால் போட்டுவிட்டேன். தைரியம் வந்து போடவில்லை, அதை நம்பாதே. பயத்தில் நான் செய்த காரியத்துக்கு அவள் போய் உட்காருகிறாள், பயத்திலேயே அவளைத் தடுக்கவும் செய்தால் அப்புறம் நான் எதற்கு?

தாளில் உறவு என்று ஒரு கட்டம் இருந்தது. பெரியம்மா என்று எழுதினேன். ஆபீசில் என் பெயரையும் அவள் பெயரையும் சேர்த்துப் படித்துவிட்டுக் கேட்பார்கள். கேட்கட்டும். உன்னைவிட நான்கு மாதம் மூத்தவள் நான், ஒரு நாளாவது அக்கா என்று கூப்பிட்டிருக்கிறாயா நீ?

இன்னொன்று. நாளைக்கு அந்த பஸ்ஸில் நானும் போகிறேன். பிள்ளைகளோடு பெரியவர்களும் ஏழெட்டுப் பேர் வருகிறார்கள். யார் பக்கத்தில் யார் என்று மதி எழுதிய பட்டியலைப் பார்த்தேன். ஐந்தாவது வரிசை, நூர்ஜஹான், பக்கத்தில் கருப்பையா. தெரிந்தேதான் போட்டாளா, வயது பார்த்துப் போட்டாளா? கேட்கப் பயமாக இருக்கிறது.

பஜாரில் ஒரே ஒரு நல்ல மனுஷி என்று நினைத்துக்கொண்டு அவர் என் பக்கத்தில் வந்து உட்காருவார். கல்லுக்குக்கூட நான் இவ்வளவு பயப்படவில்லை, செல்வி. பாலத்து வளைவு வருவதற்கு முன்னால், அவர் மகனை மூன்று மணி நேரம் சாகடித்தவள் நான்தான் என்று அவரிடம் சொல்லிவிடுவேன். எழுந்து வேறு சீட்டுக்குப் போனாலும், பஸ்ஸை நிறுத்தி என்னை இறங்கச் சொன்னாலும், உன் மகள் முன்னாலேயே சொல்வேன். இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உன் அக்கா,
நூர்ஜஹான்