என்னைப் போல ஒருத்தி

06.02.2024
இரத்தப் பரிசோதனை முடிவு வந்தது. தம்பி சிமியோனைச் சக்கர நாற்காலியில் இருத்திய தசை வருத்தத்தை, அந்தப் பரம்பரை நோயை, நானும் சுமக்கிறேன். எனக்கு ஒன்றும் செய்யாது. எனக்குப் பிறக்கும் ஆண்பிள்ளைக்கு வரலாம். அம்மாவிடமிருந்து எனக்கு வந்திருக்கிறது. அம்மா கேட்டுவிட்டு, கழுவின மீனையே திரும்பத் திரும்பக் கழுவினார்.

11.02
கணவர் றொகானும் நானும் முடிவெடுத்துவிட்டோம். கொழும்பில் கருவை வெளியே உருவாக்கி, அதிலிருந்து சில உயிர்க்கலங்களை எடுத்துச் சோதித்த பிறகே வயிற்றில் வைப்பார்கள். வருத்தமுள்ள கருவை வைக்கமாட்டார்கள்.

“பங்குச் சுவாமி அறிஞ்சால் என்ன சொல்லுவார்?” என்றார் அம்மா.

“சிமியோனைத் தூக்கி இறக்கிறது சுவாமியோ, நீங்களோ?” என்று கேட்டுவிட்டேன். கேட்டிருக்கக் கூடாது. ஆனால் போவேன்.

25.02
குருநகர் வீடுகளின் சுவர்கள் மெல்லியவை. நாங்கள் கதைத்ததெல்லாம் சிமியோனுக்குக் கேட்டுவிட்டது. முகத்தைத் திருப்பாமலே சொன்னான்: “அக்கா, உந்தச் சோதினை அப்ப இருந்திருந்தால் நான் பெயில், என்ன?”

என்னத்தைச் சொல்லுறது? இல்லையெண்டால் பொய். ஓம் எண்டு சொல்ல நான் ஆர்?

28.02
இன்னும் என்னோடு கதைக்கிறான் இல்லை.

03.03
பூசை முடிந்து வந்ததும் அவன் முன்னால் போய் இருந்தேன்.

“உன்னை வேண்டாமெண்டு நான் ஒருநாளும் நினைச்சதில்லை. ஆனால் மூச்சுக்கு நீ படுற பாட்டைப் பாத்தனான். தெரிஞ்சுகொண்டு இன்னொரு பிள்ளைக்கு அதைக் குடுக்கமாட்டன். நீ கோவிச்சாலும் போவன்.”

அப்போதுதான் என் பக்கம் முகத்தைத் திருப்பினான். “நானும் குடுக்கமாட்டன், அக்கா. ஆனால் நான் பிறந்தது பிழையெண்டு மட்டும் ஒருத்தரும் நினைக்கக் கூடாது.”

14.05
மூன்று கருக்கள். ஆண் இரண்டுக்கும் வருத்தம். மற்றது பெண். வருத்தம் வராது; ஆனால் என்னைப் போலச் சுமப்பாள். “நாளைக்கு அவளும் உங்களைப் போல யோசிக்க வேண்டிவரும், இன்னொருமுறை முயன்று பார்க்கலாமே” என்றார் டொக்டர்.

“யோசிக்கட்டும் டொக்டர். நான் யோசிக்கேல்லையோ? அவளையே வையுங்கோ.”

றொகான் தலையசைத்தார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அந்த இரண்டையும் நினைத்து அழுதேன். அழுததற்காக என் முடிவு மாறவில்லை.

12.06
வைத்தாயிற்று.

26.06
தங்கிவிட்டாள்!

27.04.2025
இன்று மகளுக்கு ஞானஸ்நானம். சிமியோன்தான் ஞானத்தகப்பன். “பிள்ளையைத் தூக்கேலாத ஆள் நான், வேறை ஆரையும் பாருங்கோ” என்று நேற்றுவரை மறுத்தான். நான் விடவில்லை.

குழந்தையை அவன் மடியில் வைத்தேன். றொகான் குனிந்து அவன் முழங்கைகளைத் தாங்கிக்கொண்டார். சுவாமி பெயரைக் கேட்டார். நான் வாய் திறக்குமுன் சிமியோன் சொன்னான்:

“ஜொவிற்றா.”

மூச்சு வாங்கிக்கொண்டு இன்னொருதரமும் சொன்னான், கோயிலின் கடைசி வாங்கில் இருந்தவர்களுக்கும் கேட்கும்படி.